பகலில் பட்டறை, மாலையில் மன்றம்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, நல்ல காற்றை நாடி, டாக்டர் சௌரி முத்து என்பவர் அங்கே காசநோயாளருக்கென ஒரு மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார். 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி அவ்வூருக்குக் குடிபெயர்ந்தது. 1984இல் ஏற்றுமதிக்கான தொழில் வளாகம் வந்தது. 2021இல் தாம்பரம் ஒரு மாநகராட்சியாகவே உயர்ந்துவிட்டது. நோயாளிகள் அமைதி தேடி வந்த ஊர் இன்று உழைப்பாளிகள் இடம் தேடி வரும் ஊராக மாறியிருக்கிறது.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியாகவோ, மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கோ செல்பவர்கள் இப்பொழுது ஒரு புதுவகை அலுவலகத்தைக் காணலாம். பெரியதொரு கூடம், வரிசையாக மேசைகள், மின்சாரம், இணைய வசதி, குளிரூட்டிய காற்று, தேநீர் ஆகியவை பொது. ஒருவர் ஒரு மேசையை மட்டும் மாத வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். கணக்கு எழுதுபவர் ஒரு மேசையில், கட்டடப் படம் வரைபவர் அடுத்ததில், கணிப்பொறி வேலை செய்பவர் அதற்கடுத்ததில். கூட்டுப் பணியிடம் என்று இதனைச் சொல்கிறார்கள். இம்முறை மேலைநாடுகளில் பரவத் தொடங்கி இருபது ஆண்டுகளே ஆகின்றன. 2004இல் கனடாவின் டொரொண்டோ நகரில், பழைய கட்டடம் ஒன்றில், சமூகப் பணியாற்றும் சிறு நிறுவனங்கள் ஒரே கூரையின்கீழ்க் கூடின. மறு ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவிலும் லண்டனிலும் இத்தகைய இடங்கள் தோன்றின. இவை வெறும் அலுவலகங்கள் அல்ல, சமூகத்துக்குப் புதுவழி காணும் மையங்கள் என்பது அவற்றைத் தொடங்கியவர்களின் எண்ணம்.

எண்ணம் உயர்ந்ததே. ஆயினும், தோளோடு தோள் உரச நின்று தினமும் ஒரே ரயிலில் பயணம் செய்வோர் ஒருவர் பெயரை மற்றவர் அறியாமலே ஓய்வு பெற்றுவிடுவதையும் நாம் காண்கிறோம். அருகருகே இருப்பது வேறு. ஒன்றாய் இருப்பது வேறு. ஒரு பணிக்கூடம் எப்பொழுது சமூகக் கூடமாக மாறுகிறது? இதற்கு விடை கட்டடங்களில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

ஒரு தொழிலாளியின் விருந்து

உலகப் பயணி இப்னு பதூதாவை நம் குடும்பங்கள் நன்கறியும். மதுரையில் சுல்தான்கள் ஆண்ட காலத்தில் தமிழகத்துக்கும் வந்து சென்றவர் அவர். மதுரைச் சுல்தான் கியாசுத்தீனும் அவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். தமிழகத்துக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர், ஏறத்தாழ 1330ஆம் ஆண்டையொட்டி, அவர் இன்றைய துருக்கி நாட்டின் அந்தாலியா நகரில் தங்கியிருந்தார். அங்கே நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைத் தம் பயணநூலில் குறித்திருக்கிறார்.

பழைய ஆடையும் கம்பளித் தொப்பியும் அணிந்த ஒருவர் வந்து, இப்னு பதூதாவையும் அவருடன் வந்தோரையும் விருந்துக்கு அழைத்தார். அவர் பேசிய துருக்கி மொழி இப்னு பதூதாவுக்கு அப்பொழுது விளங்கவில்லை. உடனிருந்த பெரியவர் விளக்கிச் சொன்னார். இப்னு பதூதா அழைப்பை ஏற்றுக்கொண்டார். வந்தவர் சென்றபின், இந்த ஏழையால் நம் அனைவருக்கும் எவ்வாறு விருந்திட முடியும், அவரைச் சிரமப்படுத்தலாமா என்று தயங்கினார். பெரியவர் சிரித்துவிட்டார். தோல் தைக்கும் அந்தத் தொழிலாளி, ஏறத்தாழ இருநூறு தொழிலாளர்களால் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பது அதன் பின்னரே இப்னு பதூதாவுக்குத் தெரிந்தது.

அவர்களுக்கு 'அகி' என்று பெயர். 'என் சகோதரன்' என்னும் பொருளுடைய அரபுச் சொல்லாக இப்னு பதூதா இதனைக் கொண்டார். வெவ்வேறு கைத்தொழில் செய்யும் அவர்கள் பகலெல்லாம் உழைத்து, அஸர் தொழுகைக்குப் பின் அன்றைய வருவாயைக் கொண்டுவந்து தங்கள் தலைவரிடம் ஒப்படைத்தனர். அப்பணத்தில் உணவும் பழமும் வாங்கப்பட்டன. ஊருக்கு வழிப்போக்கர் எவரேனும் வந்திருந்தால் அவரே அன்றைய விருந்தினர். எவரும் வராவிட்டால் தாங்களே கூடி உண்டு, மறுநாள் காலை மீண்டும் தொழிலுக்குத் திரும்பினர். இந்த அகிகளின் முன்னோடியாகப் போற்றப்படும் அகி எவ்ரான் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு தோல் பதனிடும் தொழிலாளி. தோல் தொழிலோடு தலைமுறை தலைமுறையாய்த் தொடர்புடைய நம் சமுதாயத்தார் நினைவில் வைக்கத்தக்க பெயர் அது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. வருவாயில் ஒரு பங்கு பொதுவுக்கு வந்தது. கூடமும் தலைமையும் உழைப்பவர் கையிலேயே இருந்தன. கதவு வெளியாருக்குத் திறந்திருந்தது. இம்மூன்றையும் கைவிளக்காகக் கொண்டு நம் ஊர்ப்பக்கம் திரும்புவோம்.

கலைஞர்களின் வயிற்றுப்பாடு

தாம்பரத்திலிருந்து கிழக்கே சென்றால் கடற்கரை வந்துவிடுகிறது. அங்கே ஈஞ்சம்பாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரமாகச் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. அதன் கதை ஓவியத்தின் கதை மட்டுமன்று, வயிற்றுப்பாட்டின் கதையும்கூட.

1850இல் டாக்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளி இந்தியாவின் மிகப் பழைய கலைப் பள்ளிகளுள் ஒன்று. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைப் படைத்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி நெடுங்காலம் அதன் முதல்வராக இருந்தார். அவருக்குப் பின் 1957இல் அப்பொறுப்பை ஏற்றவர் கே. சி. எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் 1911இல் பிறந்த அவர், ஏற்கெனவே 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தவர்.

பணிக்கரின் கவலை எளியது. ஆண்டுதோறும் திறமையான மாணவர்கள் பட்டயம் பெற்று வெளியேறினார்கள். வெளியே சென்றபின் அவர்களில் பெரும்பாலோர் என்ன ஆனார்கள்? ஒருவர் விளம்பர நிறுவனத்தில் சோப்புக்கும் மாத்திரைக்கும் படம் வரைந்தார். மற்றொருவர் நெசவாலையில் புடவைக் கரைக்குக் கோலம் போட்டார். குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும். அதில் தவறேதும் இல்லை. ஆனால் நாளெல்லாம் பிறருக்காக வரைந்து களைத்த கை இரவில் தனக்காக வரையுமா? அக்காலத்துச் சென்னையில் ஓவியத்தை விலைகொடுத்து வாங்குவோரும் மிகச் சிலரே.

அரசாங்கம் உதவட்டும், செல்வந்தர் ஆதரிக்கட்டும் என்று பணிக்கர் காத்திருக்கவில்லை. கலைஞனுக்குக் கை இருக்கிறது. அந்தக் கையே அவனுக்குச் சோறு போடட்டும் என்று எண்ணினார். 1960களில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஓவியர் கைவினைச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினர். ஓய்வு நேரங்களில் கூடிக் கைவினைப் பொருள்கள் செய்து விற்பது அதன் பணி. துணியில் மெழுகால் கோலமிட்டு, சாயத்தில் தோய்த்து, பின் மெழுகை நீக்கினால் மெழுகு இருந்த இடம் மட்டும் வெண்மையாய் நிற்கும். இதுவே 'பாத்திக்'. மலாயாவுக்கும் ஜாவாவுக்கும் சென்று வந்த நம் குடும்பங்களுக்குப் பாத்திக் கைலி புதிதன்று. அந்தத் தொழிலையும், மண்பாண்டம், தோல், உலோக வேலைகளையும் ஓவியர்கள் கையிலெடுத்தனர்.

கைவினை செய்வது கலைஞனுக்கு இழுக்கு என்று கருதியோர் அன்றும் இருந்தனர். பணிக்கரின் குழுவினர் அவ்வாறு கருதவில்லை. பாதி நேரம் கைத்தொழில், அதனால் உணவு. மீதி நேரம் கலை, அதில் எவருக்கும் கட்டுப்படாத உரிமை. இதுவே அவர்கள் வகுத்த கணக்கு.

மணல்வெளியில் ஒரு கிராமம்

கைவினை விற்ற வருவாயைக் கொண்டே அவர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினர். ஏறத்தாழ பத்து ஏக்கர். 1966ஆம் ஆண்டு ஏப்ரலில் கிராமம் பிறந்தது. இக்கடற்கரைக்கு வழங்கிவந்த பழம்பெயரையே அதற்குச் சூட்டினர். அந்நாளில் அது நகரத்துக்கு வெகு தொலைவு. மணலும் காற்றும் மட்டுமே மிகுதி. முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அம்முயற்சியில் இணைந்தனர். தத்தம் வீடுகளைச் சிறுகச் சிறுக எழுப்பிக்கொண்டனர். பட்டறை, காட்சிக்கூடம், திறந்தவெளி அரங்கு ஆகியவை பொதுவாக அமைந்தன. விற்பனையில் ஒரு பங்கு சங்கத்தின் பொதுச்செலவுக்குச் சென்றது.

அகிகளின் மூன்று நெறிகளில் முதல் இரண்டும் இங்கே அப்படியே நிற்பதைக் காண்கிறோம். பொதுப் பணப்பெட்டி இருந்தது. இடம் வாடகை இடமன்று. உழைத்தவர்களின் சொந்த இடம். அதனால்தான், 1967இல் பணிக்கர் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபோதும், 1977இல் அவர் மறைந்தபோதும் கிராமம் கலைந்துவிடவில்லை. ஒரு மனிதரின் செல்வாக்கில் நிற்பது அம்மனிதரோடு சாய்ந்துவிடும். உறுப்பினர்களின் உடைமையாய் நிற்பது அவருக்குப் பின்னும் நிற்கும்.

இக்கிராமத்தின் கலைஞர்களுள் ஜே. சுல்தான் அலி நம் கவனத்துக்கு உரியவர். 1920இல் பம்பாயில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் ராய் சௌத்ரியிடம் பயின்றவர். ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியில் ஓவியம் கற்பித்தவர். மத்திய இந்தியாவின் பஸ்தர் பகுதிப் பழங்குடியினரின் உருவங்கள் அவருடைய ஓவியங்களில் புதுப்பிறவி எடுத்தன. உருவங்களுக்கிடையே எழுத்துகளும் இடம்பெற்றன. 1960களின் இறுதியில் சோழமண்டலத்தில் குடியேறிய அவர் 1990இல் மறைந்தார். மலையாளியும் தமிழரும் கன்னடரும், இந்துவும் முஸ்லிமும் பார்சியும் ஒரே பட்டறையில் உழைத்த இடம் அது. ஒற்றுமையைப் பற்றி அவர்கள் மேடையேறிப் பேசவில்லை. ஒரே சாயத் தொட்டியில் கை நனைத்தார்கள்.

மற்றொருவர் கே. ராமானுஜம். பேச்சுத் தடையும் மனவேதனையும் உடைய அந்த இளைஞரை உலகம் எளிதில் ஏற்றுக்கொண்டிருக்காது. பணிக்கர் அவரைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். கிராமம் அவருக்கு இருக்க இடமும் வரைய நேரமும் தந்தது. கோட்டைகளும் விசித்திர விலங்குகளும் நிறைந்த கனவுலகம் ஒன்றை அவர் மைக்கோடுகளில் படைத்தார். வேறெங்கே இருந்திருந்தாலும் அந்தக் கோடுகள் பிறந்திரா. ஆனால் 1973இல், மிக இளம் வயதிலேயே, அவருடைய வாழ்வு துயரமாக முடிந்தது. கூட்டு வாழ்வு ஒருவரின் திறமையைக் காப்பாற்ற முடியும். ஒவ்வொருவரின் தனிமையையும் அதனால் போக்கிவிட முடியும் என்று எண்ணுவது பேதைமை. இந்த உண்மையை மறைத்துவிட்டுச் சோழமண்டலத்தைப் புகழ்வது நேர்மையாகாது.

மூன்றாம் நெறி

திறந்த கதவு என்னும் மூன்றாவது நெறி என்ன ஆயிற்று? காண வருவோரைக் கிராமம் என்றும் வரவேற்றது. திறந்தவெளி அரங்கில் நாடகமும் கவிதையும் அரங்கேறின. சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளைக் கொண்ட அருங்காட்சியகம் ஒன்று 2009இல் திறக்கப்பட்டது. இவையெல்லாம் பெருமைக்குரியவையே.

ஆயினும், உள்ளே வந்து பார்ப்பது வேறு. உள்ளே வந்து பங்கேற்பது வேறு. மனைகள் முதல் தலைமுறையிலேயே உரியவர்களுக்கு உரியவையாகிவிட்டன. சிலர் வேறு நாடுகளுக்கும் நகரங்களுக்கும் சென்றனர். பின்னர் கிழக்குக் கடற்கரைச் சாலை விரிந்தது. மணல்வெளியின் விலை மாளிகை விலையாயிற்று. 1966இல் கைவினை விற்று நிலம் வாங்கியதுபோல் இன்றோர் இளம் ஓவியர் அங்கே வாங்க முடியுமா? சுற்றியிருந்த மீனவர், உழவர் குடும்பங்களின் பிழைப்புக்கு வழிகாட்டுவதை அக்கிராமம் தன் நோக்கமாகக் கொண்டதுமில்லை. கலைஞனின் சுதந்திரம் என்னும் ஒரு பொருளுக்காக அது பிறந்தது, அதில் வென்றது. அதற்கப்பால் செல்லாததைக் குற்றமாகச் சொல்லவில்லை, எல்லையாகக் குறிக்கிறோம்.

அந்த எல்லையைத் தாண்டிய பணிக்கூடம் ஒன்றைக் காண நாம் மேற்குக் கரைக்குச் செல்ல வேண்டும்.

பீடிக் கொட்டகையில் செய்தித்தாள்

கேரளத்தின் கண்ணூர்ப் பகுதியில் பீடித் தொழிலாளர்கள் பெரிய கொட்டகைகளில் வரிசையாய் அமர்ந்து பீடி சுற்றினர். கைகளுக்கு வேலை, காதுகள் ஓய்ந்திருந்தன. எனவே தங்களுள் ஒருவரைச் செய்தித்தாளும் நூல்களும் உரக்கப் படிக்கச் செய்தனர். படிப்பவருக்கு ஏற்படும் கூலி இழப்பை, மற்றவர்கள் தாம் சுற்றிய பீடிகளில் சிலவற்றைக் கொடுத்து ஈடுசெய்தனர். எழுத்தறியாதவரும் உலகச் செய்தி அறிந்தனர். அறிந்ததைப் பற்றி விவாதித்தனர். முதலாளியின் கொட்டகை, தொழிலாளியின் பள்ளிக்கூடமாயிற்று.

பீடித் தொழிலாளர் நலனுக்கென 1966இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டத்தைக் கேரள அரசு நடைமுறைப்படுத்த முற்பட்டபோது, பெரிய நிறுவனங்கள் அங்கே தொழிலை மூடிவிட்டுச் சென்றன. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அவர்கள் சிதறிப்போகவில்லை. 1969இல் கேரள தினேஷ் பீடி என்னும் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். அரசின் கடனுதவியோடு வளர்ந்த அச்சங்கத்தில், அதன் உச்ச காலத்தில் 40,000-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். புகையிலைக்குத் தேவை குறைந்தபோது உணவுப் பொருள், குடை, ஆடை என்று வேறு தொழில்களில் இறங்கியது. ஒன்றாய் அமர்ந்து ஒன்றாய்க் கேட்டுப் பழகியவர்களால்தான் நெருக்கடியில் ஒன்றாய் முடிவெடுக்க முடிந்தது என்று சொல்வது மிகையாகாது.

இங்கே நம் நெஞ்சைத் தைக்கும் வேறுபாடு ஒன்றுண்டு. திருநெல்வேலி, வேலூர் வட்டாரங்களில் பீடி சுற்றுதல் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அறிமுகமான தொழிலே. ஆனால் தமிழகத்தில் அது பெரும்பாலும் பெண்கள் தம் வீட்டிலிருந்து செய்யும் வேலை. இலையும் தூளும் நூலும் வாங்கிவந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தனியே சுற்றித் தனியே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். கழிக்கப்பட்ட பீடிக்குக் கணக்குக் கேட்க அருகில் துணை இல்லை. செய்தித்தாள் படித்துக் காட்ட ஆளில்லை. தொழில் ஒன்றே, கைத்திறனும் ஒன்றே. கூடி அமர ஓர் இடம் இருந்ததும் இல்லாததுமே வேறுபாடு.

தாம்பரத்துக்குத் திரும்புவோம்

மாத வாடகைக்கு மேசை தரும் புதிய கூடங்களை நாம் இகழவில்லை. தனியே வீட்டில் திணறும் இளைஞனுக்கு ஒரு நாற்காலியும் ஒரு முகவரியும் கிடைப்பது சிறிய உதவியன்று. ஆனால் மேசையைப் பகிர்ந்துகொண்டதனாலேயே அங்கே சமூகம் பிறந்துவிடாது. வாடகையில் ஒரு சிறு பகுதியேனும் அங்கு உழைப்போரின் பொது நிதியாக வேண்டும். அதனை எதற்குச் செலவிடுவது என்பதை அவர்களே முடிவுசெய்ய வேண்டும். வாடகை கொடுக்க இயலாத ஒருவருக்கு ஒரு மேசையாவது ஒதுக்கப்பட வேண்டும். கணக்கெழுதுபவர் வாரத்தில் ஒரு மாலை நேரம் அண்டைத் தெருச் சிறுகடைக்காரருக்கு வரிக்கணக்கு விளக்கலாம். கணிப்பொறி அறிந்தவர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். அன்றுதான் அது சமூகக் கூடம் என்னும் பெயருக்குத் தகுதி பெறும்.

இதற்குக் குளிரூட்டிய கட்டடமே வேண்டும் என்பதுமில்லை. நம் ஜமாஅத்துகள் பலவற்றுக்கு மண்டபங்கள் உள்ளன. நிக்காஹ் நாட்களில் விளக்கும் விருந்துமாய்த் திகழும் அவை, மற்ற நாட்களில் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கின்றன. பகற்பொழுதில் அவற்றின் ஒரு பகுதியைத் திறந்துவைத்தால் என்ன? வீடுகளில் தனியே தையல் தைக்கும் நம் சகோதரிகள் ஒரே இடத்தில் அமர்ந்து தைக்கலாம். துணியை மொத்தமாய் வாங்கினால் விலை குறையும். சேர்ந்து பேரம் பேசினால் கூலி உயரும். ஒரு சிறு பெண் அருகில் அமர்ந்து நாளிதழைப் படித்துக் காட்டலாம். ஒரு பொது உண்டியலில் தினமும் விழும் சில காசுகள், உடல்நலம் குன்றிய ஒருவரின் அந்த வாரச் சோற்றுக்கு ஆகலாம். அண்டைவீட்டுச் சகோதரி எந்தச் சமயத்தவராயினும் அவருக்கும் அங்கே ஒரு தையல் இயந்திரம் இருக்கட்டும். அகிகள் வழிப்போக்கரிடம் ஊர் எது, குலம் எது என்று கேட்டுவிட்டு விருந்திடவில்லை.

அந்தாலியா நகரத் தொழிலாளியின் பழைய ஆடையைப் பார்த்து, உலகைச் சுற்றிய இப்னு பதூதாவே அவரை ஏழை என்று தவறாக மதிப்பிட்டார். அன்று மாலை அவருடைய கூடத்துக்குள் நுழைந்தபோது, அழகிய விரிப்புகளும் சுடர்விடும் கண்ணாடி விளக்குகளும் வரிசையாய் நின்ற இளைஞர்களும் அவரை வரவேற்றனர். அவை எல்லாம் அன்றாட உழைப்பாளிகள் தம் பங்கைப் பொதுவில் வைத்ததால் வந்தவை. நம் ஊர்களிலும் உழைக்கும் கைகளுக்குக் குறைவில்லை, கூடங்களுக்கும் குறைவில்லை. பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் ஒவ்வோர் ஊராரும் விசாரித்துப் பார்ப்பார்களாக.